வாய்தாவும் வருமானவரியும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் 'வாய்தா' என்றால் இரண்டு பொருள். கோர்ட்டில் வழக்கு வேறு நாளுக்குத் தள்ளிப்போனால் அது வாய்தா. புஞ்சைக்கு அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையும் வாய்தாதான். உருது வழியாக நம் கச்சேரிகளுக்குள் வந்த இந்தச் சொல்லுக்கு வேர்ப்பொருள், வாக்குக் கொடுத்துக் குறித்த நாள். நிலவரியை ஒரே மூச்சில் வாங்காமல் மாதம் குறித்துத் தவணைகளாக வாங்கியதால், தவணையின் பெயரே வரிக்கும் பெயராகிவிட்டது. வரி என்று சொன்னால் அதைக் கட்டுவதற்கான காலமும் அதற்குள் சேர்த்தி என்பது பழைய புரிதல்.

வருமானவரிக்கு அப்படி ஒரு சொல் வாய்க்கவில்லை. ஜூலைக் கடைசியிலும் அக்டோபர்க் கடைசியிலும் கோவில்பட்டி ஆடிட்டர் அலுவலகங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழுவது, "தேதி தள்ளிப் போகுமா சார்?" என்ற கேள்வி. கேட்பவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியாக இருக்கலாம், கடலைமிட்டாய் போடுகிறவராக இருக்கலாம், பருத்தி, மிளகாய், உளுந்து வாங்கி விற்கிற கமிஷன் கடைக்காரராக இருக்கலாம். யாரும் "எனக்குத் தவணை கிடைக்குமா?" என்று கேட்பதில்லை. ஊருக்கெல்லாம் சேர்த்துத் தேதி தள்ளினால் தனக்கும் ஆகும் என்று காத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. அதற்கு முன்பு நிலைமை வேறு.

1922-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் ரிட்டன் தாக்கல் செய்யும் நாளை நீட்டிக்க வருமானவரி அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அவர் ஒருவருக்காகவும் நீட்டிக்கலாம், ஒரு வகுப்பாருக்காகவும் நீட்டிக்கலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது இந்த ஏற்பாடு இன்னும் திருத்தமானது. 139-ஆவது பிரிவின் கீழ், விதிகளில் சொல்லியிருந்த படிவம் 6-ஐ நிரப்பி, கெடு முடிவதற்குள் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இன்ன காரணத்தால் கணக்கு முடியவில்லை, இன்ன தேதி வரை அவகாசம் வேண்டும் என்று எழுத வேண்டும். அதிகாரி தம் விருப்புரிமையின்படி கொடுப்பார் அல்லது மறுப்பார். அவகாசம் கிடைத்தாலும் தாமதத்துக்கு வட்டி உண்டு. ஆனால் அவகாசம் வாங்கியவர் கெடு தவறியவர் ஆகமாட்டார். தண்டமும் வழக்கும் அவரைத் தொடா.

நேரடி வரிச் சட்டங்கள் (திருத்த) சட்டம், 1987 இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்துக்குப் பிறகு, தாமதத்துக்கு 234ஏ பிரிவின் கீழ் வட்டி தானாக ஏறும். கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. இதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒருவருடைய விருப்புரிமையில் தவணை கிடைக்கும் என்றால், அங்கே செல்வாக்கும் கையூட்டும் நுழைய இடமுண்டு. தெரிந்தவருக்கு மூன்று மாதம், தெரியாதவருக்கு மறுப்பு என்று ஆவதைவிட எல்லோருக்கும் ஒரே வட்டி என்பது நேர்மையானது. விருப்புரிமையைக் குறைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். என் வருத்தம் வேறு. அதிகாரியின் விருப்புரிமையோடு குடிமகனின் முறையீடும் சேர்ந்து போய்விட்டது. கெடுவுக்கு முன்னால் போய் "எனக்கு இப்படி ஆகிவிட்டது" என்று சொல்ல இன்று சட்டத்தில் வாசல் இல்லை. 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட புதிய வருமானவரிச் சட்டமும் அந்த வாசலைத் திறக்கவில்லை.

அதே 1987 திருத்தம் எங்கள் கரிசல் வட்டாரத்துக்கு இன்னொன்றையும் செய்தது. இதை அதிகம் பேர் கவனித்ததாகத் தெரியவில்லை. அதுவரை வியாபாரிகள் தங்கள் கணக்கு ஆண்டைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்தவர்கள் உண்டு. தமிழ் ஆண்டின்படி பங்குனி கடைசியில் பேரேட்டை முடித்துச் சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு எழுதியவர்கள் உண்டு. திருத்தம் வந்த பிறகு எல்லோருக்கும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான் ஆண்டு.

இது ஏன் முக்கியம் என்பது கரிசல் வெள்ளாமையை அறிந்தவர்களுக்குப் புரியும். இது வானம் பார்த்த பூமி. ஆண்டு முழுவதும் பெய்வது 70 சென்டிமீட்டர் அளவில்தான். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. உளுந்தும் பாசியும் தையில் கைக்கு வரும். மக்காச்சோளமும் மல்லியும் அதையொட்டி. பருத்தியும் மிளகாயும் மாசி, பங்குனி தாண்டிச் சித்திரை வரைகூட எடுப்பு ஓடும். அதாவது விளைச்சல் களத்துக்கும் கமிஷன் கடைக்கும் வந்து பணமாக மாறிக்கொண்டிருக்கும்போதே மார்ச் 31 குறுக்கே விழுகிறது. உழுகிற சம்சாரிக்கு அதனால் சிக்கல் இல்லை; விவசாய வருமானத்துக்கு மத்திய வருமானவரி கிடையாது. சிக்கல் அந்த விளைச்சலை நம்பி நடக்கிற கடைக்காரருக்கு. கையிருப்புச் சரக்கு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அந்த நாளில்தான் மிகக் குழம்பிக் கிடக்கும். வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அறுப்பு முடிந்து நிலம் வெறுமனே கிடக்கும் கோடையில், மே, ஜூன் மாதங்களில், கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கிறது. பருவத்தைப் பார்த்து அமைத்த ஆண்டு அது.

சம்சாரிக்கு வருமானவரியே இல்லை என்றால் இந்தக் கட்டுரை யாருக்கு என்று கேட்கலாம். கரிசல் மாறிக்கொண்டிருக்கிறது. கயத்தாறு சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. புஞ்சைகள் சூரிய மின்தகடுகளுக்குக் குத்தகைக்குப் போகின்றன. நிலம் நம் நிலமாகவே இருந்தாலும், அதில் விவசாயம் நடக்காமல் வாங்கும் குத்தகை விவசாய வருமானம் ஆகாது. பட்டா கையில் இருப்பதாலேயே வரி இல்லை என்று நம்பியிருப்பவர்கள் இந்த இடத்தில் இடறுகிறார்கள். சகஜ் என்ற எளிய ரிட்டன் படிவத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் காட்ட முடியாது. அதற்கு மேல் போனால் பெரிய படிவம். எளிய மனிதர் என்று நாம் நினைக்கும் சம்சாரிக்கு எளிய படிவம் பொருந்துவதில்லை.

தீப்பெட்டித் தொழிலை எடுத்துக்கொள்வோம். குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் போடுவது என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு கையில் நடக்கிறது. ஆபீசிலிருந்து பெட்டியும் குச்சியும் வாங்கிக் கிராமத்துப் பெண்களுக்குக் கொடுத்து அடைத்து வாங்கித் தரும் ஒப்பந்தக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் 8 லட்சம் ரூபாய் அவர் கைவழியே போகிறது. கொடுப்பவர் 1 சதவீதம், அதாவது 8,000 ரூபாய், டிடிஎஸ் என்று வரியாக முன்பே பிடிக்கிறார். கூலி கொடுத்தது போக அவருக்கு நிற்பது வரி வரம்புக்கு வெகு கீழே. பிடித்த 8,000 ரூபாயும் அவருடைய சொந்தப் பணம். அதைத் திரும்ப வாங்க ரிட்டன் போட வேண்டும். உரிய கெடு தவறினால் தாமத ரிட்டனுக்கு டிசம்பர் 31 வரை நேரம். அதுவும் தவறினால், அந்தப் பணத்துக்கான வழக்கமான வழி அடைந்துவிடுகிறது.

கூட்டு நிறுவனங்களின் நிலை இன்னும் இறுக்கமானது. சிறு தீப்பெட்டி ஆபீசுகள் பல, கூட்டாளி நிறுவனங்கள். தனிநபருக்கு வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் பொதுவாக ரிட்டன் போட வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. லாபமோ நட்டமோ, போட்டே ஆக வேண்டும். நட்டமான ஆண்டில் கெடுவுக்குள் போடாவிட்டால் அந்தத் தொழில் நட்டத்தை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விடும். எது நட்டமான ஆண்டோ அந்த ஆண்டில்தான் கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் பாக்கி விழும், ஆடிட்டர் கட்டணம் தள்ளிப்போகும், ரிட்டனும் தாமதமாகும். இந்தத் தண்டனை அடிபட்டவரைத் தேடிப் போய் அடிக்கிறது.

மற்ற விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரி பாக்கி இருந்தால் மாதத்துக்கு அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு 1 சதவீத வட்டி. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்; மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. கெடு தவறியவர் பல கழிவுகள் உள்ள பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தக் கழிவுகளை நம்பியிருந்தவருக்கு இந்த இழப்பு தாமதக் கட்டணத்தைவிடப் பெரிதாகவே இருக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியிலும் அந்த ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒரு பகல் ஓர் இரவில் இறங்கிற்று. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பதும் நனைந்தால் உப்பிக் காலைப் பிடித்துக்கொள்வதும் கரிசல் மண்ணின் குணம். அந்தச் சகதியில் விதைத்த பயிரும் கடையில் அடுக்கிய சரக்கும் போயின. குச்சிக்கும் மருந்துக்கும் ஈரம்தான் எதிரி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதத்தில் இரண்டு வரிக் கெடுக்கள் இருந்தன. நவம்பர் மாதத்து ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டனுக்கு டிசம்பர் 20. முந்தைய நிதியாண்டின் தாமத வருமானவரி ரிட்டனுக்கு டிசம்பர் 31. இரண்டும் நடந்த விதத்தை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டியில் மாவட்டங்களின் பெயர் சொல்லி அவகாசம் வந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் பதிவு செய்தவர்களுக்கு நவம்பர் ரிட்டன் கெடு 2024 ஜனவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது. 2024-இன் முதல் மத்திய வரி அறிவிக்கையே அதுதான். ஆனால் அது வெளிவந்த நாள் ஜனவரி 5. கெடு முடிந்து 16 நாள் கழித்து, டிசம்பர் 20-லிருந்து செல்லும் என்று முன்தேதியிட்டு வந்தது. அந்த 16 நாளும் இங்குள்ள வியாபாரி சட்டப்படி தாமதக்காரராகவே இருந்தார். கடையில் தண்ணீர் வடியாத நிலையில் தாமதக் கட்டணத்துக்குப் பயந்து கணக்கைத் தேடியவர்களுக்கு அந்த முன்தேதியிட்ட நிவாரணம் என்ன பயன் தந்திருக்கும்? மாவட்ட அளவில் அவகாசம் கொடுக்க முடியும் என்பதை அந்த அறிவிக்கை நிரூபித்தது. அதை உரிய நேரத்தில் கொடுக்க ஏற்பாடு இல்லை என்பதையும் அதுவே காட்டியது.

வருமானவரியில் டிசம்பர் 31 அசையவில்லை. அந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளத்துக்கும் கடைசி நாளுக்கும் இடையே இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. ஜூலைக் கெடுவில் தவறியவர்கள்தான் டிசம்பருக்குக் காத்திருப்பார்கள். அவர்களில் நான் மேலே சொன்ன 8,000 ரூபாய்க்காரர் போன்றவர்கள் இருப்பார்கள். கடைசிப் பேருந்தை நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

அவகாசம் கொடுக்கும் அதிகாரம் இப்போது இருப்பது மத்திய நேரடி வரிகள் வாரியத்திடம். 1961 சட்டத்தின் 119-ஆவது பிரிவு அதை வாரியத்துக்குக் கொடுத்தது. வாரியம் அதைத் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018-இல் கேரள வெள்ளத்தின்போது, ஆகஸ்ட் 31 என்றிருந்த கெடுவை அந்த மாநிலத்தவருக்கு மட்டும் செப்டம்பர் 15-க்குத் தள்ளியது. கெடு முடியும் முன்பே அந்த ஆணை வந்தது. கொரோனா ஆண்டில் கெடு பலமுறை நகர்ந்து 2021 ஜனவரி 10 வரை போனது. 2025-இல் ஜூலை 31 முதலில் செப்டம்பர் 15 ஆனது. 15-ஆம் தேதி இரவு இன்னும் ஒரு நாள் கூடியது. அதற்குள் 7.3 கோடிக்கு மேல் ரிட்டன்கள் வந்திருந்தன.

அதே 2025-இல் தணிக்கைக்கு உட்பட்டவர்களின் கதை இன்னும் கற்பிக்கிறது. கணக்காயர் சங்கங்கள் மனுக் கொடுத்தன. ராஜஸ்தான், கர்நாடக உயர்நீதிமன்றங்கள் செப்டம்பரில் இடைக்கால உத்தரவு போட்டன. செப்டம்பர் 30 என்றிருந்த தணிக்கை அறிக்கைக் கெடு அக்டோபர் 31-க்கும், பின்பு நவம்பர் 10-க்கும் போனது. அவர்களுடைய ரிட்டன் கெடு டிசம்பர் 10 ஆனது. செப்டம்பரில் கெடுவைத் தள்ளியபோது, நாட்டின் சில பகுதிகளில் வெள்ளமும் இயற்கைச் சீற்றமும் ஏற்பட்டதைச் சங்கங்கள் எடுத்துச் சொன்னதை வாரியம் தன் அறிவிப்பிலேயே குறிப்பிட்டது. எங்கோ பெய்த மழைக்கு நாடு முழுவதும் அவகாசம் கிடைத்தது. அதில் கோவில்பட்டிக்காரரும் பயன்பெற்றார். 2023-இல் கோவில்பட்டியிலேயே பெய்த மழைக்கு அது கிடைக்கவில்லை. சங்கமும் உயர்நீதிமன்றமும் வழியாகக் குரல் போனால் தேதி நகர்கிறது. போகாவிட்டால் நகர்வதில்லை.

கரிசல்காரர்களுக்கு இந்த அனுபவம் புதிதில்லை. அரசே உழவரிடம் நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் நஞ்சைக்குத் தண்ணீர் பொய்த்தால் வஜா, அதாவது வரித் தள்ளுபடி, உண்டு. புஞ்சைக்கு வழக்கமாகக் கிடையாது. மிக மோசமான பஞ்ச ஆண்டில் மட்டும் அரசு மனமிரங்கினால் உண்டு. நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் புஞ்சைத் தீர்வையைக் குறைவாக வைத்திருக்கிறோம் என்பது அன்றைய அரசு சொன்ன காரணம். எட்டயபுரம் ஜமீன் கிராமங்கள் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் வழியே ரயத்துவாரிக்குள் வந்தன. ஆனாலும் அந்த நிலவரி முறையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது, இன்றும் இருக்கிறது. கிராம அலுவலர் அடங்கல் என்ற பதிவேட்டில் பயிர் நிலையை எழுதுகிறார். அது தாசில்தாருக்குப் போகிறது, ஆட்சியருக்குப் போகிறது, அரசுக்குப் போகிறது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தபோது, நிலவரி முழுவதும் தள்ளுபடி என்பதும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் மத்தியகாலக் கடனாக மாற்றப்படும் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தன. வறட்சி என்று அரசு ஒப்புக்கொண்டால் வரியிலும் கடனிலும் அது எதிரொலிக்கிறது. வருமானவரியில் அந்த இணைப்பு அறுந்து கிடக்கிறது.

அமெரிக்காவில் இந்த இணைப்பைச் சட்டமும் நடைமுறையும் சேர்ந்து தந்திருக்கின்றன. பேரிடர் பாதித்ததாக மத்திய முகமை பெயர் குறிக்கும் கவுண்டியில் முகவரி இருந்தால், அங்குள்ள வரித்துறை தானாகவே கெடுவைத் தள்ளிவிடுகிறது. வரி கட்டுபவர் கேட்க வேண்டியதே இல்லை. பேரிடர் இல்லாத சாதாரண ஆண்டிலும், படிவம் 4868-ஐ ஏப்ரல் கெடுவுக்குள் கொடுத்தால் யாருக்கும் அக்டோபர் 15 வரை ஆறு மாதம் கிடைக்கிறது. காரணம் சொல்ல வேண்டாம். அதிகாரி முடிவெடுக்க வேண்டாம். வரிப்பணத்தை மட்டும் ஏப்ரலிலேயே மதிப்பிட்டுக் கட்ட வேண்டும். விருப்புரிமைக்கு இடம் கொடுக்காமலே தவணை கொடுக்க முடியும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் சான்று. 1989-இல் நாம் படிவம் 6-ஐத் தூக்கிப்போட்டதற்குப் பதில் இப்படி மாற்றியிருக்கலாம்.

நம்மிடம் இப்போது மிச்சமிருப்பது கெடு முடிந்த பிறகான முறையீடு. 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ரீஃபண்டு வர வேண்டியவர்களுக்கும் நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டியவர்களுக்கும் உரிய வழி அது. 2024 அக்டோபர் 1-இல் வந்த 11/2024 சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொகை 1 கோடி ரூபாய் வரை என்றால் முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் நிலையிலேயே முடிவு. இயன்றவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உண்மையான இடர்ப்பாடு இருந்ததைக் காட்ட வேண்டும். தாமதமாகக் கேட்ட ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

இந்த முறையீட்டை எப்படி அணுக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1999-இல் ஐ.டி.ஆர். என்ற வரித் தீர்ப்புத் தொகுப்பின் 237-ஆம் தொகுதி, 185-ஆம் பக்கத்தில் வெளியான தீர்ப்பு அது. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கவலையில், கட்ட வேண்டிய கடமை இல்லாத பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் குடிமக்களை, தாமதத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவது அரசு நடந்துகொள்ள வேண்டிய முறை இல்லை என்று நீதிமன்றம் கருதியது. 8,000 ரூபாய்க்காரருக்கும் அது அப்படியே பொருந்தும். ஆனால் அவருக்கு இந்தத் தீர்ப்பும் தெரியாது, இந்தப் பிரிவும் தெரியாது.

மத்திய அரசிடமும் வாரியத்திடமும் வைக்க வேண்டிய கோரிக்கை பெரிதில்லை. ஒரு மாவட்டமோ வட்டமோ பேரிடர் பாதித்தது என்று மாநில அரசு அறிவிக்கும் நாளிலேயே, அங்கே முகவரி உள்ளவர்களுக்கு வருமானவரி, ஜிஎஸ்டி இரண்டிலும் கெடு தானாக நகர வேண்டும். வெள்ளத்துக்கு மட்டும் இல்லை, வறட்சிக்கும். அஞ்சல் குறியீட்டு எண் வருமானவரி ரிட்டனிலும் ஜிஎஸ்டி பதிவிலும் இருக்கிறது. போர்ட்டலுக்கு இது கடினமான வேலை இல்லை.

அதுவரை, கோவில்பட்டியிலும் சுற்றுப்பட்டியிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி தள்ளும் என்று காத்திருக்க வேண்டாம். ரிட்டன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமாகவோ வேறு வழியிலோ அதைச் சரிபார்த்து முடியுங்கள். சரிபார்க்காத ரிட்டன் போடாத ரிட்டனுக்குச் சமம். உங்களிடம் பெட்டி அடைக்கிறவர், லோடு ஏற்றுகிறவர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் யாருக்காவது கடந்த ஐந்து ஆண்டுகளில் டிடிஎஸ் பிடித்திருந்து ரிட்டன் போடாமல் விட்டிருந்தால், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்து, வருமானவரி இணையதளத்தில் தாமத மன்னிப்பு விண்ணப்பம் போட அவருக்கு உதவுங்கள். வெள்ளத்தின்போது வாங்கிய நிவாரணச் சான்றும் கடை நனைந்த படங்களும் கையில் இருந்தால் அவற்றையும் இணையுங்கள். 2023 டிசம்பர் 31-இல் தவறியவர்கள் 2029 மார்ச் 31 வரை கேட்கலாம்.